ஃப்ராங்கோ, பறங்கி, பீரங்கி!

தி.நகர் பஸ் ஸ்டாண்ட் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் திடீரென்று கேட்டார்:

"ஏன் சார், இந்த ஃப்ராங்கோ-பிரஷ்யப் போர்னு ஒண்ணு வருதே... அதுல ஃப்ராங்கோ ஜெயிச்சாரா, தோத்தாரா?"

நண்பர் பகலில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். ராத்திரியில் குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறார். இரண்டுக்கும் நடுவே, டீ நேரத்தில், என் உயிரை வாங்குகிறார்.

"தோக்கணும்னாகூட மொதல்ல அவர் பொறந்திருக்கணுமே சார்" என்றேன்.

அந்தப் போர் நடந்தது 1870-71. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஜெனரல் ஃப்ராங்கோ பிறந்தது 1892. பெயரில் வருகிற ஃப்ராங்கோ வேறு, போரில் வருகிற ஃப்ராங்கோ வேறு. போரில் வருவது வெறும் முன்னொட்டு. 'பிரெஞ்சு' என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் பிரஷ்யர்களுக்கும் நடந்த சண்டை, தோற்றது பிரெஞ்சுக்காரர்கள், அவ்வளவுதான். வீட்டில் ரத்த சோகைக்கு டெக்ஸாரஞ்ச் டானிக் குடித்திருக்கிறீர்களா? பாட்டிலில் 'ஃப்ராங்கோ-இந்தியன்' என்று கம்பெனிப் பெயர் இருக்கும். அங்கேயும் ஜெனரலுக்கு வேலை இல்லை.

நண்பர் விடவில்லை. "அப்ப ஜெனரல் பேருக்கு என்ன சார் அர்த்தம்?"

நல்ல கேள்வி. ஏனென்றால் அதற்கும் அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான்!

ரோமாபுரி சாம்ராஜ்யம் ஆட்டம் கண்ட காலத்தில் ரைன் நதிப் பக்கமிருந்து ஃப்ராங்க் என்றொரு ஜெர்மானியக் கூட்டம் கிளம்பி, கால் என்ற நாட்டைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் அந்த நாடு ஃப்ரான்ஸ் ஆயிற்று. பிடித்தவன் சும்மா இருப்பானா? வரி, வாய்தா, கொத்தடிமை எல்லாம் தோற்றவனுக்கு. முழுச் சுதந்திரம் ஃப்ராங்குக்கு மட்டும். நாளாக ஆக 'ஃப்ராங்க்' என்றாலே 'சுதந்திரமானவன்' என்று அர்த்தம் வந்துவிட்டது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஃப்ராங்கோ என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களின் முப்பாட்டன் ஒன்று பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தவனாக இருக்கும், அல்லது வரி கட்டாமல் வாழச் சலுகை பெற்றவனாக இருக்கும். ஸ்பெயினில் சில ஊர்களில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அப்படிச் சலுகை கொடுத்து உட்கார வைத்ததும் உண்டு.

ஆக, 1939 முதல் 1975-ல் சாகும்வரை ஸ்பெயினைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்த மனிதரின் பெயருக்கு அர்த்தம் 'சுதந்திரமானவர்'. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நம் ஊரிலும் அமைதிராஜன் என்று பெயர் வைத்துக்கொண்டு அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் நாற்காலியைத் தூக்குகிறவர்கள் இல்லையா?

உங்கள் ஆபீஸிலேயே இந்த வார்த்தை தினம் நாலு தடவை நடமாடுகிறது. மானேஜர் "ஃப்ராங்க்கா சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தால் இன்க்ரிமெண்ட் கிடையாது என்று புரிந்துகொள்கிறோமே, அந்த ஃப்ராங்க்கும் இதுதான். சுதந்திரமானவன் மனசில் பட்டதைச் சொல்லலாம், அதனால் ஒளிவுமறைவில்லாத பேச்சு ஃப்ராங்க். டெஸ்பாட்ச் செக்ஷனில் கவரில் முத்திரை குத்தும் ஃப்ராங்கிங் மெஷின்? ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பார்லிமெண்ட் அங்கத்தினர் கவரின்மேல் கையெழுத்துப் போட்டால் தபால் செலவு கிடையாது. 'ஃப்ரீ' என்ற அர்த்தத்தில் அதை ஃப்ராங்க் என்றார்கள். ஓட்டுரிமைக்கும் ஃப்ராஞ்சைஸ், தி.நகரில் தெருவுக்கு ஒன்றாகத் திறக்கும் காபிக் கடைக்கும் ஃப்ராஞ்சைஸ்.

பி.காம். படித்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரவேண்டும். விலைப்புள்ளி பற்றிய பாடத்தில் லோகோ, எஃப்.ஓ.ஆர்., எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று வரிசையாக வந்து, கடைசியில் 'ஃப்ராங்கோ' என்று ஒன்று வரும். லோகோ விலை என்றால் சரக்கு விற்கிறவன் கோடவுனில் இருக்கிற நிலையில் விலை. வண்டிக் கூலி, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வாங்குகிறவன் தலையில். ஃப்ராங்கோ என்றால் நேர் எதிர். நம் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் அத்தனை செலவும் அவனுடையது. நானும் இதை ஐந்து மார்க்குக்கு உருப்போட்டவன்தான். அதில் 'ஃப்ராங்கோ' என்பது இத்தாலிய மொழியில் 'செலவில்லாமல்' என்று அர்த்தம் தரும் வார்த்தை என்பதை லெக்சரர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆறாவது மார்க் கேட்டிருப்பேன்.

ஃப்ரான்சிஸ் என்ற பெயருக்கும் 'பிரெஞ்சுக்காரன்' என்றுதான் அர்த்தம். அசிசி ஊர்த் துணி வியாபாரியின் பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் ஜியோவான்னி. அப்பாவுக்குப் பிரெஞ்சு தேசத்தோடு வியாபாரம், அதனால் பிள்ளைக்கு ஃப்ரான்செஸ்கோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் மகான் ஆகிவிட, உலகம் முழுக்க ஃப்ரான்சிஸ்கள். அந்த வரிசையில் வந்த ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஃப்ரான்சிஸ் சேவியர், நம்மூர் சவேரியார், 1545-ல் சாந்தோமில் வந்து சில மாதம் தங்கினார். இன்னும் வேடிக்கை, 1639-ல் இங்கே மணல்மேட்டில் கோட்டை கட்ட இடம் வாங்கி மெட்ராஸுக்குப் பிள்ளையார் சுழி போட்ட கம்பெனிக்காரர் பெயர் ஃப்ரான்சிஸ் டே. சுத்த இங்கிலீஷ்காரர். பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரன்!

இதுவரை சொன்னதெல்லாம் அயல்தேசத்துச் சமாசாரம். இந்தக் குடும்பத்தில் நம் வீட்டோடு வளர்ந்த ஒரு பிள்ளை இருக்கிறது. பறங்கி.

பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து சிலுவைப் படை கிளம்பியது. அதில் பெரும் பகுதி ஃப்ரான்ஸ் பக்கத்து ஆட்கள். அரபுக்காரர்கள் வந்தவர்களை மொத்தமாக 'இஃப்ரஞ்ச்' என்று ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி'. இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. டெல்லியில் போஸ்டிங் வாங்கிப் போன நாகர்கோவில்காரனும் நெல்லூர்க்காரனும் அங்கே ஒரே 'மதராஸி'தானே? பதிலுக்கு நாம் மார்வாடியையும் குஜராத்தியையும் சிந்தியையும் ஒரே 'சேட்டு' ஆக்கிப் பழிவாங்குகிறோம். அரபுக்காரன் செய்ததும் அதுதான்.

1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியபோது அரபு வியாபாரிகள் ஏற்கெனவே அங்கே கடை விரித்திருந்தார்கள். போர்ச்சுகீசியனுக்கு இந்தியக் கரையில் பெயர் தயாராக இருந்தது. 'ஃப' நம் வாயில் நுழையாது, பறங்கி ஆயிற்று. (அகராதியில் வல்லின ற, ஊர்ப் பெயர்களில் பரங்கி என்றும் எழுதுகிறார்கள். திருப்பரங்குன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பரமனின் குன்றம்.) பிரெஞ்சுக்காரனின் பெயரை ஓசியில் வாங்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்தவன் போர்ச்சுகீசியன். மயிலாப்பூரில் லஸ் சர்ச்சில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது. லஸ் என்றால் போர்ச்சுகீஸில் வெளிச்சம். சுற்றிலும் காடாக இருந்ததால் நம் ஜனங்களுக்கு அது காட்டுக்கோயில். புனித தோமையார் மலையில் அவர்கள் கோயில் கட்ட, மலைக்குப் பெயர் பரங்கிமலை. கடலூர்ப் பக்கம் அவர்கள் துறைமுகம் வைத்த ஊர் பரங்கிப்பேட்டை.

அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கும் அவன் பெயரே. கோவைப் பக்கம் அரசாணிக்காய், இங்கே பறங்கிக்காய். தாய்லாந்தில் வெள்ளைக்காரனும் ஃபரங், கொய்யாப் பழமும் ஃபரங். பினாங்கில் பத்து ஃபெரிங்கி என்று கடற்கரையே இருக்கிறது. சிலோனில் 'பறங்கி' என்று ஒரு தோல் வியாதியைச் சொல்வார்கள். வியாதி என்றதும் ஞாபகம் வருகிறது, பறங்கிப் புண். மேகநோய்க்கு அந்தக் காலத்துத் தமிழ்ப் பெயர் அது. அதே வியாதியை இங்கிலீஷ்காரனும் இத்தாலிக்காரனும் 'பிரெஞ்சு வியாதி' என்றார்கள். (பிரெஞ்சுக்காரன் அதை நேப்பிள்ஸ் வியாதி என்றான். அடுத்த வீட்டுக்காரன்தான் எப்போதும் காரணம்!) நாம் ஒருவரையும் கேட்காமல் அதே பெயரை வைத்திருக்கிறோம். அதற்கு மருந்தாகச் சித்த வைத்தியர்கள் கொடுத்த சீனத்து வேர், பறங்கிப்பட்டை.

பீரங்கியும் இவன் கொண்டுவந்த சாமான்தான். தெலுங்கில் இன்றும் 'ஃபிரங்கி' என்றால் பீரங்கி. நாம் கொஞ்சம் நீட்டி முழக்கிக்கொண்டோம், அது சத்தத்துக்கும் பொருந்துகிறது.

அசல் பறங்கி, அதாவது நிஜமான பிரெஞ்சுக்காரன், சென்னைக்கு வந்தது லேட்டாகத்தான். 1672-ல் ட லா ஹே என்ற தளபதி சாந்தோமைப் பிடித்தார். கோல்கொண்டா சேனையும் டச்சுக்காரர்களும் சுற்றி வளைக்க, இரண்டு வருஷம் தாக்குப்பிடித்து 1674-ல் சரணடைந்தார். பிறகு 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் மெட்ராஸ் முன்னால் வந்து நின்று பீரங்கியால் அடித்தன, கோட்டை விழுந்தது. அப்போது அங்கே குமாஸ்தா வேலை பார்த்த ஒரு வாலிபர் வேஷம் மாற்றிக்கொண்டு கடலூருக்குத் தப்பி ஓடினார். ராபர்ட் க்ளைவ். ஆபீஸ் மேஜையில் கிடந்து புழுங்குகிறவர்கள் ஆறுதல் பெறலாம்.

நகரைத் தனக்குத் தரவில்லை என்று ஆற்காடு நவாபு மகனைப் பத்தாயிரம் பேருடன் அனுப்பினார். அக்டோபரில் அடையாறு ஆற்றங்கரையில் மோதல். பிரெஞ்சுப் பக்கம் சிப்பாய்களையும் சேர்த்து ஆயிரம் பேர் அளவுக்குத்தான். ஆற்றில் இறங்கி நடந்துவந்து, வரிசையாக நின்று சுட்டு, நவாபின் படையைக் கலைத்துவிட்டார்கள். இத்தனை பெரிய 'பிரெஞ்சு' வெற்றிக்குத் தலைமை தாங்கிய பாரடி யார் தெரியுமா? ஸ்விட்சர்லாந்துக்காரர்! இந்த வார்த்தைக்கு நேர்வழியே கிடையாது போலிருக்கிறது. பிரெஞ்சுக்காரன் நாணயமான ஃப்ராங்க்கூட 2002-ல் யூரோ வந்ததும் அவன் ஊரில் போய்விட்டது. ஸ்விஸ்காரன்தான் வைத்திருக்கிறான்.

வேடிக்கை இதோடு சரி. இந்த வார்த்தையோடு ஐம்பது வருஷம் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் மயிலாப்பூரில்தான் செத்துப்போனார்.

ராபர்ட் டி நொபிலி இத்தாலியர். 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் இருந்தார். நல்லவர், வைத்தியம் பார்ப்பார், பள்ளிக்கூடம் நடத்துவார். ஆனால் உள்ளூரில் ஒருவர்கூட மதத்தில் சேரவில்லை. ஏன் என்று டி நொபிலி விசாரித்தார். பதில் ஒரு வார்த்தையில் இருந்தது. மதத்தில் சேர வருகிறவனிடம் 'பறங்கிக் குலத்தில் சேர இஷ்டமா?' என்கிற தினுசில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போர்ச்சுகீசியர்களுக்கு அது 'கிறிஸ்தவன்' என்பதற்குத் தமிழ். மதுரைக்காரன் காதில் விழுந்தது வேறு: மாடு தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், தோல் செருப்போடு நடுவீட்டில் நுழைபவன். யார் 'இஷ்டம்' என்பார்கள்?

டி நொபிலி காவி கட்டினார். தோல் செருப்பை விட்டுக் கட்டைச் செருப்புப் போட்டார். மாமிசம் நிறுத்தி ஒரு வேளைச் சாப்பாடு. தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தமிழிலேயே புத்தகங்கள் எழுதினார். தத்துவ போதகர் என்று பெயர் வாங்கினார். நான் பறங்கி அல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவனும் அல்ல என்று ஓலையில் எழுதி ஊருக்கு அறிவித்தார். பொய் என்று சொல்ல முடியாது. போர்ச்சுகீசியர் அல்ல, ரோமாபுரிக்காரர்தான். ஆனால் கூட இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 'எங்களை அசிங்கம் என்கிறாரா?' என்று புகார் எழுந்து, கோவா வழியாக ரோம் வரை போயிற்று. போப் பதினைந்தாம் கிரகோரி 1623-ல்தான் அவர் முறைக்கு அனுமதி கொடுத்தார்.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் உறுத்துகிறது. வேற்று மொழியை இவ்வளவு மதித்துக் கற்ற பாதிரியார் அபூர்வம். அதே மனிதர் பறங்கி என்ற பட்டத்திலிருந்து தப்புவதற்காக, உள்ளூரில் தாழ்த்தப்பட்டவர்களிடமிருந்தும் விலகியே இருந்தார். ஒரு வசவைத் தன்மேல் விழாமல் ஒதுங்கினாரே தவிர, வசவு பக்கத்திலிருந்தவன் தலையில்தான் விழுந்தது. கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கிப்போய், மயிலாப்பூருக்கு வந்து 1656-ல் காலமானார். பரங்கிமலை அங்கிருந்து நடக்கிற தூரம்!

செருப்பு என்றதும் புதுச்சேரிக்கு ஒரு நடை போய்வரவேண்டும். அங்கே 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய ஷூ மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி வெளியே அனுப்பிவிட்டார். பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார் பிள்ளை. பிறகு 1881-ல், பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்புகிற இந்தியர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது, அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். 'கதவு' என்று அர்த்தம். ஒருவர் பறங்கி ஆகாதிருக்கச் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் பறங்கிக்குச் சமமாக நிற்க மாட்டிக்கொண்டார். நடுவில் 267 வருஷம்.

பாரதியாரை விட்டுவிட முடியாது. விடுதலைப் பாட்டில் அவர் பறங்கி என்று சாடியது இங்கிலீஷ்காரனை. அந்த இங்கிலீஷ்காரனிடமிருந்து தப்பி, 1908 முதல் பத்து வருஷம் அவர் பத்திரமாக இருந்தது பிரெஞ்சுக்காரன் ஊரில். அசல் பறங்கி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு டூப்ளிகேட் பறங்கியைத் திட்டியிருக்கிறார்!

இங்கிலீஷ்காரன் 1947-ல் கப்பலேறினான். வார்த்தை ஏறவில்லை. அது யார்மேல் மிச்சம் விழுந்தது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. எங்கள் வகுப்பில் பரங்கிமலையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிற பையன் ஒருவன். ஆங்கிலோ இந்தியன், போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர், அப்பா ரயில்வேயில். நிறத்தில் என்னைவிட ஒரு மாற்றுக் கறுப்பு. அட்டெண்டன்ஸில் அவன் பெயர் வந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "பறங்கிக்கா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு நாள் மட்டும் என்னிடம் சொன்னான்: "அவனுங்க சொல்றதுகூடப் பரவால்ல மச்சான். லண்டன்லேர்ந்து எங்க பெரியம்மா பசங்க வந்தா, எங்கள 'மெட்ராஸி'ன்றானுங்க. அதான்டா தாங்கல."

அவன் இப்போது மெல்போர்னில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குப் பேசுவான், சுத்த மெட்ராஸ் தமிழில். இந்தக் கட்டுரைக்காக அவனைக் கூப்பிட்டு, பறங்கிக்கு அடியில் கிடக்கிற அர்த்தம் 'சுதந்திரமானவன்' என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இத அப்பவே அந்தப் பின் பெஞ்சுல போய்ச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அப்புறம், அங்கே பறங்கிக்காயை சூப் வைக்கிறார்கள், சகிக்கவில்லை, அவன் பெண்டாட்டி கூட்டுதான் பண்ணுகிறாள் என்றான்.

மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் நடந்து பாருங்கள். தலைக்குக் குளித்து, மடி கட்டிக்கொண்டு, மாமி வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். நடுவில் சாணிப் பிள்ளையார். அவர் தலையில் மஞ்சளாக ஒரு பூ. "என்ன பூ மாமி?" என்று கேட்டேன்.

"பறங்கிப்பூ. தெரியாதோ? மிதிச்சுடாதே, தள்ளிப் போ."